ஒரு கால் செருப்பு

அருவிக்குப் போகும் பாதையின் கேட்டில் அந்த அக்கா இருந்த ஐந்து வருடமும் அங்கே ஒற்றைச் செருப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. கேட்டை ஒட்டி ஒரு பலகை இருக்கும். ஸ்டோரில் கழித்துப்போட்ட பலகை. அதில் நான்கு வரிசையாக ஆணி அடித்திருந்தார். ஆணிக்கு ஒரு செருப்பு. ஆண்கள் செருப்பு, பெண்கள் செருப்பு, நடந்தால் விளக்கு எரியும் பிள்ளைச் சப்பாத்து, வெள்ளைக்காரர்களின் தோணி மாதிரிச் சப்பாத்து, எல்லாம் ஒரு கால்தான். மற்றக் காலுடையதை அவரவர் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போவார்கள்.

முதல் தடவை வருகிறவர்கள் அது ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைப்பார்கள். ஒரு கொழும்பு நோனா, பெரிய இடத்துச் சிங்களப் பெண்மணி, அந்தப் பலகையைப் பார்த்துக் கும்பிட்டதை நானே கண்டிருக்கிறேன்.

"எக செரெப்புவக் தென்ன" என்பார் அக்கா. ஒரு செருப்பைத் தாருங்கள் என்று அர்த்தம். அவருக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் கேட்டில் நிற்கும்போது இதற்கு மேல் அதிகம் பேச மாட்டார். தமிழ் ஆட்கள் வந்தாலும் அவ்வளவுதான். "ஒரு செருப்பக் குடுங்க." ஏன் என்று கேட்டால், "உள்ள போனவங்க வெளிய வரணும்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஒருமுறை கொழும்புப் பையன்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்று நின்றான்.

"ஆன்ட்டி, இது புதுசு. காணாமப் போச்சுன்னா?"

"ஒன்னுதானே தம்பி எங்கிட்ட இருக்கும். ஒத்தக் கால வச்சிக்கிட்டு நான் எங்க போக?"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை.

"உள்ள அட்ட கடிக்கும்தானே?"

"சப்பாத்துக்குள்ளயும் கடிக்கும். உள்ள இருந்து கடிச்சா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தாங்க, காலுக்குத் தேச்சிக்கங்க" என்று சவுக்காரக் கட்டி ஒன்றை நீட்டினார். அவன் கழற்றிக் கொடுத்தான். அக்கா அதை வாங்கி, உள்ளே ஒட்டியிருந்த மண்ணை ஒரு குச்சியால் தட்டிவிட்டு ஆணியில் மாட்டினார். யாருடைய செருப்பையும் அவர் தரையில் வைத்ததில்லை.

அருவி எங்கள் தோட்டத்துக்குள் இருக்கிறது. குருவிட்டப் பக்கத்து ரப்பர்த் தோட்டம், மேலே கொஞ்சம் தேயிலை. தோட்டம் கம்பனியுடையது. மலையும் பாதையும் அருவி விழும் பாறையும் எல்லாம் அதில் சேர்த்திதான். முன்பு அங்கே வெளியாட்கள் அதிகம் வந்ததில்லை. நாங்கள்தான் குளிப்போம், விறகெடுக்கப் போவோம். பிறகு யாரோ அதைப் போனில் படம் எடுத்துப் போட்டார்கள். சனி ஞாயிறுகளில் வான் வானாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவில் வானை நிறுத்தி, சிரட்டையில் இறங்கும் பாலைத் தொட்டுப் பார்த்து, மரத்தில் பெயர் வெட்டினார்கள். தோட்டத்தை நடத்தும் துரை முதலில் மறித்தார். ஆட்கள் கேட்கவில்லை. வேறு பக்கத்தால் இறங்கினார்கள். கடைசியில் அவரே ஒரு கேட்டைப் போட்டு, காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணி வரை விடலாம் என்றார். ஒரு நிபந்தனையும் சொன்னார். உள்ளே ஓர் ஆள் செத்தால் அன்றோடு கேட்டை மூடுவேன், திரும்பத் திறக்க மாட்டேன் என்றார்.

அக்கா அதற்கு முன் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். மழைக்காலத்தில் மலையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சேர்ந்தது, ஆனால் கத்தி பிடிக்க முடியவில்லை. புருஷன் இல்லை. மகள் அவிசாவளையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு அங்கேயே ஓர் அறையில் இருந்தாள். லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அக்கா இருந்த காம்பராவை வேலையில் உள்ள ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, கேட்டோடு ஒட்டியிருந்த பழைய வாச்சர் காம்பராவை அவருக்குக் கொடுத்தார்கள். கேட் இருக்கும் மட்டும் காம்பரா. அருவியில் ஒரு ஆள் செத்தால் அக்காவுக்கு இருக்க இடமில்லை. இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் பால் வெட்டுவது கேட்டுக்கு மேலே உள்ள பதினாலாம் நம்பர் மலையில். வாளியோடு இறங்கும்போது அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். "வந்துட்டீங்களா தம்பி?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. அவரும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நான் வந்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

எல்லோரிடமும் அப்படித்தான். பங்குனித் திருவிழாவுக்குப் பஸ் பிடித்துப் போனால் திரும்பும்போது படியில் நின்றுகொண்டு தலைகளை எண்ணுவது அவர்தான். எண்ணச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒருமுறை ஓர் ஆள் குறைகிறது என்று பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார். டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால், அக்கா தன்னை எண்ணவில்லை. பஸ் முழுவதும் சிரித்தது. "சிரிங்க, சிரிங்க. கூடினா பரவாயில்ல, கொறஞ்சாதான் கரச்சல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை.

செருப்பு வாங்கும் பழக்கம் கேட் போட்ட முதல் மாதத்தில் வந்தது. ஒன்பது பேர் உள்ளே போனார்கள். மூன்று மணிக்கு ஒருவரும் வெளியே வரவில்லை. அக்கா கேட்டைப் பூட்டிவிட்டு அருவி வரை ஓடினார். அங்கே யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இறங்கி, ஆற்றோரம் முழுக்கத் தேடினோம். கம்பு விட்டுப் பார்த்தோம். கடைசியில் ரோட்டுக் கடைக்காரர் சொன்னார், அந்த ஒன்பது பேரும் கீழ்ப்பாதையால் ஆற்றோடு இறங்கி, அவர் கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணிக்கே வானில் போய்விட்டார்களாம். எல்லோரும் ஏசிக்கொண்டே வீட்டுக்குப் போனோம். அக்கா ஏசவில்லை. கேட்டடியில் உட்கார்ந்து, நனைந்த சேலையைக்கூட மாற்றாமல், ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பலகையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு செருப்பையும் வாங்கினால் கோபித்துக்கொண்டு புதிதாக வாங்கிக்கொள்வார்கள், ஒன்றை மட்டும் வாங்கினால் கையில் இருக்கும் மற்றது அவர்களைத் திரும்பக் கொண்டுவரும் என்று மகளிடம் சொன்னாராம். அது சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு யாரும் கீழ்ப்பாதையால் போகவில்லை. மூன்று மணிக்குப் பலகை காலியாக இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அக்கா அதற்குப் பிறகுதான் பகல் சோறு சாப்பிடுவார்.

செருப்பு கேட்க முடியாத ஆளும் வந்ததுண்டு. ஒரு வெசாக் காலத்தில் பக்கத்து விகாரையின் ஹாமதுரு, வயதான பிக்கு, தனியாக வந்தார். குடையும் செருப்புமாக நின்று, அருவியைப் பார்க்க வேண்டும் என்றார். தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி ஹாமதுருவிடம் செருப்பைக் கழற்றச் சொல்ல முடியுமா? அக்கா பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டைச் சாத்திப் பூட்டைப் போட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் நடந்தார். வெளியே நின்ற இரண்டு வான் ஆட்களும் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாமதுரு அருவியடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அக்காவும் நின்றிருந்தார். இருவரும் திரும்பி வந்தபோது நான் கேட்டடியில் இருந்தேன். ஹாமதுரு அக்காவைப் பார்த்து, இவ்வளவு அழகான இடத்தில் நீ என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாயே என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அக்கா கையைக் கூப்பினார். அந்த வருடத்தில் அவர் அருவிப் பக்கம் போனது அந்த ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

மகளிடமும் வாங்கினார். அவள் அவிசாவளையிலிருந்து கூட வேலை செய்யும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். "அம்மா, நானுமா?" என்றாள். "நீ இங்கயா வேல செய்யுற?" என்று கேட்டார் அக்கா. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் மட்டும் அவர் கேட்பதில்லை. நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தப் பக்கம் போவோம், வருவோம். விறகுக்கும் புல்லுக்கும் மேல் மலை வழியாக ஏறி ஆற்றுப் பக்கமாக இறங்குவோம். எங்களுக்குச் செருப்பும் இல்லை, கணக்கும் இல்லை. வெளியே குடியிருப்பவர் என்றால், இங்கே பிறந்தவராக இருந்தாலும், கழற்ற வேண்டும். அதுதான் அவருடைய சட்டம்.

அந்தச் சட்டத்தை மாற்றியது நான்.

என் தம்பி கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்தான். பதினாறு வயதில் போனவன். வருடத்துக்கு இரண்டு முறை வருவான். வந்தால் அருவியில் ஒரு தடவையாவது குளிப்பான். அந்தத் தைப்பொங்கலுக்குக் கடைக் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான். நானும் கூடப் போனேன். அக்கா மூன்று பேரிடமும் கையை நீட்டினார்.

"அக்கா, எனக்குமா?" என்றான் தம்பி.

"ஒரு செருப்பக் குடுங்க தம்பி."

கூட்டாளிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். "என்னடா, ஒன்ட தோட்டத்துக்கே நீ விசிட்டரா? பெரிசா சொல்லிக் கூட்டிட்டு வந்த?"

தம்பியின் முகம் மாறியது. "நான் இந்த லயத்துல பொறந்தவன்க்கா. இந்தப் பாதைக்குக் கல்லு தூக்கினது எங்கப்பா. என்னையப் பாத்து செருப்பக் கழட்டுங்கிறீங்க. அவ்வளவு வேத்தாளாப் போயிட்டேனா?"

அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. அந்த இடத்திலிருந்து எப்படியாவது நகர்ந்தால் போதும் என்று இருந்தது. வாயைத் திறக்காத நான் அன்று திறந்தேன்.

"அக்கா, அவன் நம்ம ஆளுதானே. விடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரிடம் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது. அதனால்தானோ என்னவோ, அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"சரி. நம்ம ஆளு. போங்க" என்று தம்பிக்கு வழி விட்டார். கூட்டாளிகள் இருவரிடமும் மட்டும் வாங்கி மாட்டினார்.

அதற்குப் பிறகு வெளியே போய் வாழும் தோட்டத்துப் பிள்ளைகள் யாரிடமும் அவர் கேட்கவில்லை. மகளிடமும் கேட்கவில்லை. ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

அந்த வருடத் தீபாவளிக்குத் தம்பி தனியாக வந்தான். தீபாவளிக்கு மறுநாள் பகல் சாப்பிட்டுவிட்டு, டவுனுக்குப் போய் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிப் போனான். எங்கள் பக்கம் வெயில் அடித்தது. மேலே மலைகளில் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டரை மணிக்கு அங்கே பெரிய மழை பிடித்தது. எங்களுக்கு ஒரு துளியும் இல்லை. இப்படிப்பட்ட நாட்கள்தான் அருவிக்குக் கெட்ட நாட்கள். வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்து இறங்கிவிடும்.

அக்காவுக்கு அது தெரியும். கறுப்பைக் கண்டதுமே உள்ளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அன்று பதினோரு செருப்பு. கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம்தான் கடைசி. அவர்களும் வந்து வாங்கிக்கொண்டார்கள். பலகை காலி. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கேட்டைப் பூட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆறு கலங்கி இரைச்சலோடு இறங்கியது.

அன்று பின்னேரம் நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா குடத்தோடு வந்தார். தானாகவே பேசினார். "இன்னிக்கித் தண்ணி வர்றதுக்கு முந்தியே எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டேன் தம்பி. அந்தக் கைக்கொழந்தக்காரங்க வர மாட்டோம்னாங்க. போட்டு ஏசினேன்." அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

தம்பி வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. டவுனில் கூட்டாளிகளோடு தங்கியிருப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன். விடிந்ததும் அம்மா லயம் லயமாகக் கேட்டுக்கொண்டு போனார். நான் ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் இருந்தார். எங்கள் தமிழ் ஆள்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, எதற்கும் கேட்டில் கேட்போம் என்று அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆனால் ஆள் போவதற்கு முன்பே அக்கா வந்துகொண்டிருந்தார். அம்மா அவரிடமும் கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு வந்த மகளும் பின்னால் வந்தாள்.

"நேத்து எத்தன பேரு?" என்றார் கிளாக்கர்.

"பதினோரு பேருங்க."

"எல்லாரும் வெளிய வந்தாங்களா?"

"வந்தாங்க."

"அப்பச் சரி. உள்ள யாரும் இல்ல." கிளாக்கர் என் பக்கம் திரும்பினார். "தீபாவளி நேரம்தானே. கூட்டாளிங்களோட எங்கயாவது போயிருப்பான். ரெண்டு நாள் பாருங்க, வந்திருவான்."

எனக்கும் அதை நம்பப் பிடித்திருந்தது. அம்மாவிடம் இதைப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். கதவுப் பக்கம் திரும்பினேன்.

அக்கா நகரவில்லை. "இன்னொன்னு சொல்லணுங்க" என்றார்.

கிளாக்கர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு நல்லது செய்யத்தான் பார்த்தார். "யோசிச்சுப் பேசு. அருவிக்கு மேல் மலையாலயும் போகலாம். ஆத்தோரத்தாலயும் ஏறலாம். கேட்டால போகாத ஆளுக்குத் தோட்டம் பொறுப்பில்ல, நீயும் பொறுப்பில்ல. கேட்டால போனான்னா தொர சொன்னது என்னன்னு ஒனக்கு மறந்திருக்காது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

மகள் அக்காவின் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "அம்மா, வாம்மா. அதான் ஐயா சொல்றாருல்ல."

"கேட்டாலதான் போனாரு" என்றார் அக்கா. "ரெண்டு மணி இருக்கும். நான்தான் தொறந்து விட்டேன். செருப்பு வாங்கல. அதனால எனக்கு ஞாபகத்துல வரல. வெளிய வந்தத நான் பாக்கல. வேற வழியா வந்தாரோ என்னவோ தெரியாது. ஆனா உள்ள போனாரு. ஆள விட்டுத் தேடச் சொல்லுங்க."

உள்ளறையிலிருந்து துரை வந்து வாசலில் நின்றார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். "நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சிதான் சொல்றியா?" என்று கேட்டார்.

"தெரியுதுங்க தொர."

"ஏன் செருப்பு வாங்கல?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"என் புத்தியிலதான். நம்ம ஆளுன்னு விட்டேன்."

துரை போன் இருந்த மேசை வரை வந்தார். பிறகு கிளாக்கரிடம், "பொலிசுக்குக் கோல் எடுங்க" என்றார்.

அன்று முழுவதும் தேடினார்கள். தண்ணீர் வடியவில்லை. மறுநாள் சுழியோடிகள் வந்தார்கள். பகல் பதினொரு மணிபோல, விழும் தண்ணீருக்குக் கீழே பாறைக்குள் செருகியிருந்த தம்பியை எடுத்தார்கள். இரண்டு நாளும் அக்கா அருவியடியிலேயே நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. எடுத்துக் கரையில் போட்டதும் கிட்ட வந்து பார்த்தார். பிறகு எங்களுக்கு முன்னால் நடந்துபோய்க் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். நாங்கள் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். பின்னால் வந்த கடைசி ஆளும் வந்த பிறகு சாத்தினார்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போதும் அவர் ஆபீசில் சொன்னதையே சொன்னார். நான்தான் விட்டேன் என்றார். என்னிடம் கேட்டார்கள், வேறு ஏதாவது தெரியுமா என்று. நான் மலையில் வேலையில் இருந்தேன் என்றேன். அது உண்மைதான். தைப்பொங்கலன்று நடந்ததை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

துரை சொன்னபடியே செய்தார். கேட்டுக்குக் குறுக்கே முள்ளுக்கம்பி அடித்து, மூன்று பாஷையிலும் போர்டு வைத்தார்கள். தனியார் காணி, உட்பிரவேசம் தடை. மாதக் கடைசிக்குள் காம்பராவை விட வேண்டும் என்று அக்காவுக்குக் கடிதம் வந்தது.

லயத்தில் எல்லோருக்கும் கோபம். கேட்டடியில் இளநீர்க் குரும்பை வெட்டிக் கொடுத்தவர்கள், சோளம் அவித்து விற்றவர்கள், வான் நிறுத்த இடம் காட்டியவர்கள் என்று ஏழெட்டுக் குடும்பம் அதில் பிழைத்தது. அக்கா என் தம்பியை உள்ளே விட்டது யாருக்கும் பிழையாகப் படவில்லை. சொன்னதுதான் பிழை.

"செத்தவன் எப்பிடியும் ரெண்டு நாள்ல மெதந்து வந்திருப்பான். ஆத்தோரமாப் போனான்னு முடிஞ்சிருக்கும்" என்றாள் குழாயடியில் ஒருத்தி. "இவ பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு. வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தா என்னவாம்?"

"அவ காம்பராவையும் தொலச்சி, நம்ம சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டா" என்றாள் மற்றவள். பிறகுதான் நான் நிற்பதைக் கண்டார்கள். பேச்சு நின்றது. என் வாளி நிரம்பியது. தூக்கிக்கொண்டு வந்தேன்.

கருமாதி முடிந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டார். "அவ மட்டும் சொல்லலன்னா நான் இன்னமும் அவன் வருவான் வருவான்னு ரோட்டப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். நம்ம வீட்டுல இருந்து ஒரு ஆள் போகல அவகிட்ட. நீ போயி ஒரு வார்த்த பேசிட்டு வா."

போனேன். கேட்டடியில் பலகை இல்லை. ஆணியோடு விறகுக்கு யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். காம்பராவுக்குள் அக்கா சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டீங்களா தம்பி?" என்றார். எப்போதும் சொல்வதுதான். நான் தலையை ஆட்டினேன். சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அன்னைக்கி விடச் சொன்னது நான்தானே அக்கா. அவ்வளவுதான், ஐந்து சொல். ஆபீசில் துரை கேட்டபோது நீங்கள் என்னைக் காட்டியிருக்கலாமே என்றும் கேட்க நினைத்தேன். அவர் ஒரு சாக்கின் வாயைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கட்டினார். "அம்மாவப் பாத்துக்கங்க" என்றார். நான் வந்துவிட்டேன். பேசிட்டியா என்று அம்மா கேட்டார். ம் என்றேன்.

அவர் போனது ஒரு சனிக்கிழமை காலை. நான் பதினாலாம் நம்பர் மலையில் பாதி மரம் வெட்டி முடித்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கேட்டும் கீழே ரோட்டு வளைவும் தெரியும். ஓர் ஓட்டோ வந்தது. மகளும் அக்காவும் சாமான்களை ஏற்றினார்கள். மெத்தையை மேலே வைத்துக் கட்டினார்கள். லயத்திலிருந்து யாரும் வரவில்லை. அந்த நேரம் எல்லோருக்கும் வேலை நேரம். அப்படியும் சொல்லலாம்.

ஓட்டோ வளைவு வரைக்கும் வந்து நின்றது. மெத்தை சரிந்துவிட்டது. எனக்கு நேர் கீழே. ஐம்பது அறுபது அடி இறங்கினால் ரோடு. டிரைவர் வயதானவர், உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மகளுக்கு உயரம் போதாது. அவள் ஒரு பக்கத்தைத் தள்ளிப் பிடிக்க, அக்கா கயிற்றை எறிந்து எறிந்து பார்த்தார். கயிறு மறுபக்கம் விழவில்லை. மூன்று முறை இந்தப் பக்கமே விழுந்தது, மூன்று முறையும் குனிந்து எடுத்தார். கையில் கத்தியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். இறங்கிப்போய்க் கட்டிக் கொடுத்திருந்தால், கட்டும்போது சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கலாம்.

நான்காவது முறை கயிறு மறுபக்கம் விழுந்தது. மகள் இழுத்து முடிச்சுப் போட்டாள். இருவரும் ஏறினார்கள். ஓட்டோ வளைவைத் தாண்டும்வரை நின்றேன். பிறகு அடுத்த மரத்துக்குப் போய், பழைய பட்டையை உரித்துவிட்டு, வெட்டத் தொடங்கினேன்.